கணினிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் நடுவே

2017 ஏப்ரலில் ஹவாய், சிலி, மெக்சிகோ, அரிசோனா, ஸ்பெயின், தென் துருவம் என்று உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்த 8 ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே கருவியைப்போலச் சேர்ந்து இயங்கின. அந்தக் கூட்டணியின் பெயர் ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப். 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளையைப் படம் பிடிப்பது அதன் முக்கிய நோக்கம். 2019 ஏப்ரல் 10 அன்று அந்தப் படம் வெளியாகி உலகம் முழுக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது.

படத்துக்கான தரவு இன்டர்நெட் வழியாக வந்து சேரவில்லை. விமானத்தில் வந்தது.

சேர்ந்த தரவு சுமார் 5 பீட்டாபைட், அதாவது 50 லட்சம் ஜிகாபைட். அதைத் தாங்கிய ஹார்ட் டிஸ்க்குகளின் எடை மட்டும் அரை டன். விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகமுள்ள இணைப்பில் இரவு பகலாக அனுப்பியிருந்தால் 460 நாட்களுக்கு மேல் ஆகியிருக்கும். அதனால் டிஸ்க்குகளைப் பெட்டியில் அடுக்கி, அமெரிக்காவில் உள்ள எம்.ஐ.டி. ஹேஸ்டாக் ஆய்வகத்துக்கும் ஜெர்மனியின் பான் நகரில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்கும் அனுப்பினார்கள். தென் துருவத்தில் குளிர்காலம் முடியும்வரை விமானம் இறங்க வழியில்லை. அங்கே பதிவான டிஸ்க்குகள் அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஹேஸ்டாக் வந்து சேர்ந்தன.

அனுப்புவதற்கு முன்பே இன்னொரு சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தொலைநோக்கி நிலையமும் விநாடிக்கு 32 ஜிகாபிட், அதாவது 4 ஜிகாபைட் தரவைக் கொட்டியது. நல்ல ஹார்ட் டிஸ்க் ஒன்று விநாடிக்கு 200 மெகாபைட் அளவில்தான் எழுதும். கணக்குப் போட்டால் குறைந்தது 20 டிஸ்க்குகளாவது ஒரே நேரத்தில் எழுதியாக வேண்டும். எனவே எட்டெட்டு டிஸ்க்குகள் கொண்ட தொகுதிகளை வரிசையாக மாட்டி, வந்து விழும் தரவை எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் பதிவுக் கருவியை அவர்கள் பயன்படுத்தினார்கள்.

கேபிள் எவ்வளவு வேகமானது, டிஸ்க் எவ்வளவு வேகமானது என்று இரண்டையும் தனித்தனியாகப் பார்த்ததால்தான் அவர்களால் இந்தத் தீர்வுக்கு வர முடிந்தது. கல்யாண வீடியோவை வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்யக் கொடுத்துவிட்டு, நகராத பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் உதவுவது இதே பார்வைதான்.

சுழலும் தட்டும் மிதக்கும் முனையும்

ஹார்ட் டிஸ்க்கின் மூடியைத் திறந்தால் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டுகள் தெரியும். அவற்றின்மேல் காந்தப் பூச்சு. மேசைக் கணினிகளில் உள்ள பெரும்பாலான டிஸ்க்குகளில் இந்தத் தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகின்றன. மெல்லிய ஒரு கையின் நுனியில் படிக்கும், எழுதும் முனை இருக்கிறது. அது தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுற்றும் வேகத்தில் எழும் காற்று அதைச் சில நானோமீட்டர் உயரத்தில் தாங்கிப் பிடிக்கிறது. ஒரு தலைமுடியின் பருமனே பல பத்தாயிரம் நானோமீட்டர் என்றால், இந்த இடைவெளி எவ்வளவு நுண்ணியது என்பது புரியும்.

காற்று தாங்கினால்தான் முனை மிதக்கும் என்பதால், காற்று மெலிந்த இடங்களில் சாதாரண ஹார்ட் டிஸ்க் தடுமாறும். பல டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் விதிக்கும் உயர வரம்பு சுமார் 3,000 மீட்டர். சிலியிலும் ஹவாயிலும் உள்ள தொலைநோக்கிகளோ 4,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. கருந்துளை ஆய்வாளர்கள் அங்கெல்லாம் ஹீலியம் வாயுவை உள்ளே நிரப்பி, வெளிக்காற்று புகாமல் மூடிய டிஸ்க்குகளைக் கொண்டுபோனார்கள்.

அடர்த்தியாக எழுதிய நுண்ணிய காந்தக் குறிகளை இவ்வளவு துல்லியமாகப் படிக்க முடிவதற்குப் பின்னால் ஒரு நோபல் பரிசு இருக்கிறது. மெல்லிய காந்த அடுக்குகளின் மின்தடை, காந்தப்புலம் சிறிது மாறினாலும் வெகுவாக மாறுகிறது என்பதை ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் இருவரும் 1988-ல் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். 1997-ல் ஐ.பி.எம். நிறுவனம் அதை வைத்து இயங்கும் படிப்பு முனை கொண்ட டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2007-ல் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது.

டிஸ்க்கின் வேகக் கணக்கு இந்தச் சுழற்சியில்தான் ஒளிந்திருக்கிறது. 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு 4 மில்லிவிநாடிக்குச் சற்று மேல். அதற்கு முன் கை சரியான வட்டத்துக்கு நகர இன்னும் 8, 9 மில்லிவிநாடி. ஆகமொத்தம் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை எடுக்கச் சொன்னால், ஒரு விநாடிக்கு 80 துண்டு எடுப்பதே அதற்குப் பெரும்பாடு. துண்டுக்கு 4 கிலோபைட் என்று வைத்தால் வேகம் விநாடிக்கு அரை மெகாபைட்கூட இல்லை. அதே டிஸ்க், வரிசையாக எழுதிய ஒரு பெரிய வீடியோவை 200 மெகாபைட் வேகத்தில் படிக்கும். ஒரு திரைப்படம் சட்டென்று காப்பி ஆவதும், அதே அளவு இடம் பிடிக்கும் பல ஆயிரம் சின்ன ஃபைல்கள் நெடுநேரம் இழுப்பதும் இதனால்தான்.

ஒரு ஃபைலைத் திறக்கும்போது

மவுஸால் ஒரு போட்டோவின்மேல் இருமுறை கிளிக் செய்கிறோம். அந்தப் போட்டோ டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று விண்டோஸோ லினக்ஸோ முதலில் தன் அட்டவணையில் தேடுகிறது. டிஸ்க் முழுவதும் 512 பைட் அல்லது 4,096 பைட் கொண்ட சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இதுதான் செக்டர். ஒவ்வொரு செக்டருக்கும் 0 முதல் தொடங்கும் ஒரு வரிசை எண் உண்டு. எந்தத் தட்டு, எந்த வட்டம் என்பதெல்லாம் கணினிக்குத் தெரியாது. இந்த எண்ணிலிருந்து தொடங்கி இத்தனை செக்டர்கள் வேண்டும் என்று கேட்பதோடு அதன் வேலை முடிகிறது. எண்ணுக்கு உரிய இடத்தைக் கண்டுபிடிப்பது டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சைப் பலகையில் இருக்கும் கன்ட்ரோலரின் பொறுப்பு.

கணினியின் பிராசஸர் ஒவ்வொரு பைட்டையும் தானே தூக்கிச் சுமப்பதில்லை. ரேமில் எந்த இடத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறது. மதர்போர்டில் உள்ள கன்ட்ரோலர் டிஸ்க்கிலிருந்து வருவதை வாங்கி நேராக ரேமில் வைத்துவிட்டு, முடிந்தது என்று பிராசஸருக்குக் குரல் கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு டி.எம்.ஏ. என்று பெயர். இது பரவலாவதற்கு முன் காப்பி வேலை முடியும்வரை கணினி மொத்தமாகத் திணறும்.

பல கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்து குவிவதும் உண்டு. தபால்காரர் கடிதங்களைக் கைக்கு வந்த வரிசையில் கொடுக்காமல், தெரு வரிசைக்கு அடுக்கிக்கொண்டு ஒரே நடையில் முடிப்பாரே, டிஸ்க்கும் அப்படித்தான் செய்கிறது. 32 கோரிக்கைகள் வரை கையில் வைத்துக்கொண்டு, முனை குறைவாக அலையும்படி வரிசையை மாற்றிக்கொள்கிறது.

கேபிளில் வரும் தரவு பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் கடைசியிலும் அதன் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிட்ட ஒரு சோதனை எண் இருக்கும். வாங்குகிற பக்கம் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கிறது. எண் ஒத்துப்போனால் ‘சரி’ என்று பதில். ஒத்துப்போகாவிட்டால் ‘தவறு’ என்று பதில் போய், அந்த வேலை மறுபடி நடக்கிறது. வழியில் ஒரு பிட் மாறினாலும் அது அப்படியே போட்டோவுக்குள் போய்விடாமல் இருப்பதற்கு இந்தச் சோதனைதான் காவல்.

அகலப் பட்டையிலிருந்து ஏழு கம்பிக்கு

உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் 1956-ல் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில், ரெனால்ட் ஜான்சன் தலைமையிலான ஐ.பி.எம். குழுவின் கையில் உருவானது. ரேமாக் என்ற கணினியோடு வந்த அது, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கிய ஒரு பெரிய அலமாரி. எடை ஒரு டன் அளவுக்கு இருந்தது. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய செல்போன் போட்டோ ஒன்றுக்கே அந்த அலமாரி சரியாகப் போகும்.

மேசைக் கணினிக்குள் அடங்கும் டிஸ்க் வந்தது 1980-ல். சீகேட் நிறுவனத்தின் எஸ்.டி.506 என்ற அந்த டிஸ்க்கின் கொள்ளளவு 5 மெகாபைட். கணினியோடு அதை இணைக்க இரண்டு பட்டைக் கேபிள்கள் தேவைப்பட்டன. 34 கம்பி கொண்டது கட்டளைக்கு, 20 கம்பி கொண்டது தரவுக்கு. அந்த டிஸ்க்குக்குச் சொந்தமாக எதுவும் தெரியாது. முனையை ஓரடி நகர்த்து, இந்த முனையில் படி என்று கணினிக்குள் இருந்த தனி அட்டைதான் அதை நடத்தியது. முனை படித்த காந்தத் துடிப்புகள் அப்படியே கேபிளில் வரும். அவற்றைப் பூஜ்யமாகவும் ஒன்றாகவும் பிரித்தறிவதும் அந்த அட்டையின் வேலை. அட்டையை மாற்றினால் பழைய டிஸ்க்கில் உள்ளதைப் படிக்க முடியாமல் போவது அன்று சகஜம்.

1986-ல் காம்பேக், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனங்களின் முயற்சியில் அந்த அட்டையின் மூளை டிஸ்க்கின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. ஐ.டி.இ. என்ற இந்த முறையில் 40 கம்பி கொண்ட சாம்பல் நிறப் பட்டைக் கேபிள் ஒன்றே போதும். 1990-களில் கணினி பழுது பார்த்தவர்கள் அந்தப் பட்டையை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டலாம். எது முதல், எது இரண்டாவது என்பதை டிஸ்க்கின் பின்பக்கத்தில் உள்ள குண்டூசித் தலையளவு ஜம்பரை மாற்றிப் போட்டுச் சொல்ல வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி போட்டுவிட்டால் பெரும்பாலும் எதுவுமே தெரியாது.

டிஸ்க் பெரிதாகப் பெரிதாக, அதோடு பேசும் முறை முட்டுக்கட்டை போட்டது. பழைய பயாஸ் ஏற்பாட்டில் 1,024 உருளை, 16 முனை, 63 செக்டர் என்பதே எல்லை. 512 பைட்டால் பெருக்கினால் 528 மெகாபைட். அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் வாங்கினாலும் கணினியின் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தாண்டிய பிறகு, செக்டர் எண்ணை 28 பிட்டில் எழுதியதால் 137 ஜிகாபைட்டில் அடுத்த சுவர் எழுந்தது. 48 பிட்டுக்கு மாறிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

வேகத்துக்கும் ஓர் எல்லை வந்தது. பட்டைக் கேபிளில் 16 கம்பிகள் அருகருகே ஒரே நேரத்தில் தரவைச் சுமந்தன. வேகத்தைக் கூட்டக் கூட்ட, ஒரு கம்பியின் சமிக்ஞை பக்கத்துக் கம்பியில் கசிந்தது. 16 பிட்டும் ஒரே நொடியில் வந்து சேராமல் முன்பின்னாயின. கசிவைத் தடுக்க இடையிடையே 40 தரைக் கம்பிகளைச் சேர்த்து 80 கம்பியாக்கினார்கள். அப்படியும் விநாடிக்கு 133 மெகாபைட்டோடு நின்றுபோனது.

2003-ல் சந்தைக்கு வந்த சாட்டா என்ற இணைப்பு முறை எதிர்த்திசையில் போனது. கையில் எடுத்துப் பார்த்தால் அதன் கேபிள் முனை சுண்டுவிரல் அகலம்கூட இல்லை; தலைகீழாகச் செருகிவிடாதபடி ஓரத்தில் ‘எல்’ வடிவ வளைவு. உள்ளே ஏழே தொடுமுனைகள். மூன்று தரைக்கு. மீதி நான்கில் இரண்டு போவதற்கு, இரண்டு வருவதற்கு. ஒரே பிட்டை ஒரு கம்பியில் நேராகவும் ஜோடிக் கம்பியில் எதிராகவும் அனுப்புகிறது. வழியில் மின்சத்தம் புகுந்தால் இரண்டு கம்பியையும் ஒரேபோல் தாக்கும். வாங்குகிற பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்வதால் அந்தச் சத்தம் தானாகக் கழிந்துவிடும். சேர்ந்து வர வேண்டிய பக்கத்துக் கம்பிகள் இல்லாததால் முன்பின் ஆகும் பிரச்சினையும் இல்லை. ஆகவே கம்பி குறைந்து வேகம் கூடியது.

தொடக்கத்தில் விநாடிக்கு 1.5 ஜிகாபிட். 2009-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் 6 ஜிகாபிட். சாட்டா ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்புவதால், 6 ஜிகாபிட் என்பதன் பயன் 600 மெகாபைட். சுழலும் டிஸ்க்கோ 200, 250 மெகாபைட்டைத் தாண்டத் திணறுகிறது. பெட்டியில் 6 ஜிகாபிட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பது கேபிளின் தகுதி. அதை டிஸ்க்கின் வேகமாக எடுத்துக்கொண்டு வாங்குபவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

வெளியே தொங்கும் டிஸ்க்

கையடக்க வெளி டிஸ்க்கில் இருப்பதும் பெரும்பாலும் அதே சாட்டா டிஸ்க்தான். உறைக்குள் ஒரு சின்ன சிப், சாட்டா பேச்சை யு.எஸ்.பி. பேச்சாக மாற்றிக் கொடுக்கிறது. சில மாடல்களில் மட்டும் யு.எஸ்.பி. போர்ட்டை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள்.

2000-ல் வந்த யு.எஸ்.பி. 2.0-ன் வேகம் 480 மெகாபிட். நடைமுறையில் விநாடிக்கு 35 மெகாபைட் கிடைத்தால் அதிகம். 2008-ல் வந்த யு.எஸ்.பி. 3.0-ன் வேகம் 5 ஜிகாபிட். 100 ஜிகாபைட் வீடியோவை முதலாவதில் காப்பி செய்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டாவதில், 120 மெகாபைட் வேகமுள்ள சாதாரண வெளி டிஸ்க்குக்கே கால் மணி நேரம் போதும். முன்னதில் போர்ட் இழுக்கிறது. பின்னதில் டிஸ்க்கின் சுழற்சியே எல்லை.

புது டிஸ்க்கைப் பழைய போர்ட்டில் செருகினாலும் பழைய வேகம்தான். போர்ட்டின் உள்ளே நீல நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அது 3.0. டைப்-சி கேபிளில் இன்னும் கவனம் தேவை. செல்போனோடு வரும் சார்ஜர் கேபிள்கள் பலவற்றில் 2.0-க்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அதில் டிஸ்க்கை மாட்டினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறையலாம்.

கேபிள் மின்சாரத்தையும் சுமக்கிறது. யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட் 900 மில்லிஆம்பியர் தருவது விதி. நின்றிருக்கும் தட்டைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் சின்ன டிஸ்க்கும் ஒரு ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். நீளமான மட்ட ரகக் கேபிளிலோ, பல சாதனங்கள் தொங்கும் ஹப்பிலோ மாட்டினால் தட்டு சுற்றத் தொடங்கி நின்று, மறுபடி தொடங்கித் தவிக்கும். 3.5 அங்குலப் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும் என்பதால் அதற்குத் தனி அடாப்டர் கட்டாயம்.

எஸ்.எஸ்.டி. வந்தபோது கதை தலைகீழானது. சுற்றும் தட்டே இல்லாத அதற்கு, சாட்டாவின் 600 மெகாபைட் பற்றவில்லை. 2011-ல் வெளியான என்.வி.எம்.இ. முறையில் எஸ்.எஸ்.டி. கேபிளே இல்லாமல் மதர்போர்டில் நேராக உட்கார்ந்து, பிராசஸரின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் தடத்தில் பேசுகிறது. நான்காம் தலைமுறையின் நான்கு தடங்களில் விநாடிக்குக் கிட்டத்தட்ட 8 ஜிகாபைட் போகும். ஒரு தொலைநோக்கி நிலையத்துக்கு 20 டிஸ்க் தேவைப்பட்ட வேகத்தைப் போல இது இருமடங்கு.

பிடுங்குவதற்கு முன்

காப்பி முடிந்தது என்று திரை சொன்னாலும், கடைசிப் பகுதி தட்டில் எழுதப்படாமல் இருக்க வாய்ப்புண்டு. கணினி சிலவற்றை ரேமில் வைத்திருக்கும். டிஸ்க்கிலும் சில பத்து முதல் சில நூறு மெகாபைட் வரை தற்காலிக நினைவகம் உண்டு. அந்த நேரத்தில் கேபிளைப் பிடுங்கினால் மின்சாரம் போன கணத்திலேயே அது அழிந்துவிடும். முனை தட்டில் மோதிவிடாமல் இருக்க, சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் மிச்ச வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து டிஸ்க் தன் கையை ஓரமாக ஒதுக்கிக்கொள்ளும். டிஸ்க் தப்பிக்கும், பாதி எழுதிய அட்டவணை தப்பிக்காது. எந்த ஃபைல் எங்கே என்ற குறிப்பு சிதைந்தால், உள்ளே எல்லாம் இருந்தும் காலி டிஸ்க்போல் தெரியும்.

விண்டோஸ் 10-ல் 2018 இறுதியில் வந்த பதிப்பு முதல், வெளி டிஸ்க்குகளுக்கு எழுதுவதைத் தேக்கி வைக்காத முறையே இயல்பானதாக்கப்பட்டது. ஆபத்து குறைந்திருக்கிறது, ஆனால் ஒழியவில்லை. ‘இஜெக்ட்’ கொடுத்து, விளக்கு அணைந்த பிறகு கழற்றுவதற்குச் சில விநாடிகள்தான் ஆகும்.

டிஸ்க் தெரியவில்லை, அடிக்கடி தொடர்பு அறுகிறது என்றால் உடனே அது செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. இலவசமாகக் கிடைக்கும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில் அந்தக் குறிப்பைப் பார்க்கலாம். பல டிஸ்க்குகளில் 199 என்ற வரிசையில், சோதனை எண் ஒத்துப்போகாமல் போன பொட்டலங்களின் எண்ணிக்கை இருக்கும். (சில மென்பொருள்கள் இதையே ‘சி7’ என்று காட்டும்.) அது ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் பழுது கேபிளிலோ அதன் முனையிலோதான். வரிசை 5-ல் உள்ள எண், அதாவது கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கிய செக்டர்களின் எண்ணிக்கை ஏறினால் பழுது தட்டில். முதலாவதற்கு ஒரு புதுக் கேபிள் போதும். இரண்டாவதற்கு அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால், குறையில்லாத கேபிளிலும் போர்ட்டிலும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் சத்தம் நிற்காவிட்டால் மறுபடி மறுபடி செருகிப் பார்க்காமல் நிறுத்திவிட்டு, தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோ, பாட்டியின் குரல், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாம் இப்போது இந்தத் தட்டுகளில்தான் இருக்கின்றன. இவை ஒரே டிஸ்க்கில் மட்டும் இருந்தால் இந்த வாரமே இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, வேறு வீட்டில் வையுங்கள். நல்ல கேபிளில், 3.0 போர்ட்டில் செருகினால் ஒரு மாலை நேரத்தில் வேலை முடிந்துவிடும்.